எடுத்தால் வைக்க வேண்டும்

ஒளித்தவன் நான்தான்.
இருந்தும் ஜிபிஎஸ்
உடைமரத்தடியில் சுற்றவிட்டது.
நாங்குநேரிக் காற்றில்
ஆன்டெனாக் கம்பிகள் முனக,
மூளி நடுகல்லுக்குப் பின்னால்
டிபன் டப்பா.
வைத்தவை: விசில்,
சீருடைப் பித்தளைப் பொத்தான்,
கண்டெடுப்பவர் பெயரெழுத நோட்டு.

மாடன் கொடைக்கு
ஒருநாள் மட்டும் கேட் திறந்தார்கள்.
ஆதார் காட்டி உள்ளே வந்த ஊர்
பொங்கலிட்டுப் போய்விட்டது.

இப்போது விசிலைக் காணோம்.
ஏழு ரூபாய்ச் சில்லறை,
திருநீற்றுப் பொட்டலம்.
லெப்டினன்ட் கையெழுத்துக்குக் கீழே
பென்சிலில்:

‘மாடா, எங்க கிணறு
வேலிக்குள்ள கெடக்கு.
தண்ணி ஊறுதான்னு பாத்துச் சொல்லு.
ஆவுடைத்தங்கம்.’

தளத்தின் வரைபடத்தில்
கிணறு எதுவுமில்லை.

நாளை எனக்கு டியூட்டி மத்தியானம்தான்.
ஸ்டோரில் கயிறு கேட்டிருக்கிறேன்.
எதற்கென்று எழுத ஒரு கட்டம் இருந்தது,
நிரப்பவில்லை.