கூடுதலாக ஒரு கட்டம்

மே மாதத்தில் வேலூருக்கு யாரையும் கூப்பிடக் கூடாது.
கூப்பிட்டிருந்தோம்.
பதினொரு கல்லூரிகள், நாற்பத்து மூன்று பேர்,
எல்லோரும் உடற்கூறு சொல்லிக்கொடுப்பவர்கள்.
ஃபார்மலினுக்குப் பழகிய மூக்குகள்
பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே
மத்தியானச் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டு வந்தன.

வரவேற்புரையில் ஊர்ச் சொலவடையைச் சொன்னேன்:
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்.
(சாமி எப்போதோ திரும்பிவிட்டார்.
சொலவடைக்குத்தான் தகவல் போகவில்லை.)
"உயிரில்லா உடம்பு" என்று
பின்வரிசைக் குரல் ஒன்று ஐந்தாவதைச் சேர்த்தது.
சிரித்தோம். வெளியாள் கேட்டால்
முகம் சுளிக்கும் எங்கள் வகைச் சிரிப்பு.

பிறகு யோசனைகள்.
வாணியம்பாடி சபீஹா தோல் ஷெட்டிலிருந்து
ஆட்டுத்தோல் துணுக்குகளைப் பையோடு கொண்டுவந்திருந்தாள்.
"மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடி விரலுக்குத் தெரியட்டும்."
கோமளவல்லி மேடையில் ஒரு சேலையைக் கொசுவி, மடித்து, திருப்பி
வயிற்றின் உள்ளுறையை நிற்கவைத்தார்.
இருபது வருஷமாக நான் கரும்பலகையில்
வேகமாகக் கடந்துபோகும் ஒரு மூலை
அன்றைக்குத்தான் விளங்கியது.
பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவில்லை.
ஜெரால்டின் பேச்சு நீளம். ஆள் நல்லவர்.

கரண்ட் போய் வந்த பின் வெற்றிச்செழியன்.
தருமபுரி. முதல் கட்டுரை, புதுச் சட்டை.
முன்கையில் மெல்லியதாக ஒரு தசை.
சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது,
இல்லாதவர்களுக்கு எதுவும் குறைவதில்லை.
முப்பத்தோரு உடல்கள், அறுபத்திரண்டு கைகள்,
எங்கள் கூடத்தில் அறுத்தவையும் சேர்த்து.
"உங்க கையிலேயே பாருங்க" என்றான்.
கட்டைவிரலைச் சுண்டுவிரலில் தொட்டு
மணிக்கட்டை மடித்தோம், அத்தனை பேரும்,
அடுத்த முத்திரையை
ஒரே நேரத்தில் மறந்துபோன ஆட்டக்காரர்கள் மாதிரி.
"எனக்கு இருக்கு."
"இடதுல இல்ல, பாரேன்."
டீத் தட்டை வைத்துவிட்டு மாசிலாமணியும் மடித்தார்.
"இன்னா மேடம், எனக்கு ரெண்டுலயும் நரம்பே காணோம்?"
முப்பது வருஷமாக அந்தக் கைகள்தான்
உடல்களைத் தூக்கி மேசையில் கிடத்துகின்றன.
வெற்றிச்செழியன் அதைக் குறித்துக்கொண்டான்.

அடுத்த படம்: மேசை ஏழு, வலது கை.
தசை இல்லாத இடத்துக்குச் சிவப்பு அம்புக்குறி.
"அம்புக்குறிய விடுங்க.
அந்த ஆள்காட்டி விரலைப் பெரிசாக்குங்க."
சபீஹா எழுந்து நின்றிருந்தாள்.
தேய்ந்த நகம். பக்கவாட்டில் ஒரு காய்ப்பு.
"பீடி சுத்துன கை.
குடியாத்தமோ பேர்ணாம்பட்டோ.
எங்க தெருவுல பாதிக் கை இப்படித்தான் இருக்கும்."

மின்விசிறிகள் மட்டும் பேசின.
வெற்றிச்செழியன் தன் பட்டியலைப் பார்த்தான்:
வயது, பால், வலது, இடது.
"அது... ஆய்வுல சேர்க்கலீங்க மேடம்."
அவனைச் சொல்லி என்ன.
அந்தப் படம் எடுத்த மறுநாள்
விரல் நுனிவரை கத்தி ஓட்டி
காய்ப்போடு தோலை உரித்தது நான்தான்.
கையோ ஒரு பாடமும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வேன்கள் காட்பாடிக்குப் போயின.
சேலை உத்தியை ஏழு பேர் எழுதிக்கொண்டார்கள்.
அடுத்த கூட்டம் டிசம்பரில் என்று
வியர்த்துக்கொண்டே முடிவாயிற்று.

திங்கட்கிழமை பதிவேட்டின் ஓரத்தில்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பு: தொழில்.
கீழே வரிசையாகத் 'தெரியவில்லை'.
ஒருவர் மட்டும் ரயில்வே,
கையெழுத்துப் போட வந்த மகன் சொன்னது.
ஏழுக்கு நேரே, பென்சிலால், பீடி.
மாசிலாமணி எட்டிப் பார்த்தார்.
"எழுத்து ரொம்பப் பொடியா கீது மேடம்."
கட்டம் சின்னது, என்றேன்.