நாலாவது குமிழ்

பீடோர் மண்டபத்தில் அன்று நாற்பத்தெட்டு மேசை.
மேடைக்கு எதிரே, கழிவறைக்குப் போகும் வழியில்,
எனக்கும் என் பதினாறு சேனல் மிக்சருக்கும்
ஒரு முக்காலி அளவு இடம்.

மணமகளின் பெரியப்பா பாடப் போகிறார் என்றார்கள்.
நிகழ்ச்சி நிரலில் இல்லை.
ஜொகூர் பாருவிலிருந்து பேருந்தில் வந்தவர்,
பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவர்,
அழைப்பிதழில் பெயர் இல்லாதவர்.
பின்னணி இசை வேண்டாம் என்றார்.
மைக்கைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது,
இரண்டு கிளாஸ் முன்பே இறங்கியிருந்தது.

மணமகளின் அப்பா முத்திருளன்
கூட்டத்தின் நடுவிலிருந்து என்னைப் பார்த்தார்.
உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி
மெல்ல அமுக்கினார்.
எல்லாக் கல்யாணத்திலும் உண்டு இந்தச் சைகை.
ஏழாம் சேனலை இறக்கினேன்.
அடி வரைக்கும்.

இதில் ஒரு விஷயம்.
குரல் கம்பியில் ஏறி ஃபேடரைத் தொடுமுன்பே
ஒரு கிளை பிரிந்து மேடை மானிட்டருக்குப் போய்விடும்.
ப்ரீ என்போம்.
நாங்கள் இருந்த தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி குன்றின் மேல்.
மானேஜர் பங்களாவின் குழாய் வால்வுக்கு முன்னால் பிரிந்தது.
லயத்துக் குழாய் வால்வுக்குப் பின்னால்.
வால்வை மூடினால் எங்கள் வாளி காயும்,
அவர் புல்தரை நனையும்.
ப்ரீயும் போஸ்ட்டும் எனக்கு அப்போதே தெரியும்,
பெயர்தான் தெரியாது.

ஆகவே பெரியப்பா பாடிக்கொண்டே இருந்தார்.
காலடியில் கிடந்த கறுப்புப் பெட்டி
அவர் குரலை அவருக்கே திருப்பித் தந்தது,
சுடச்சுட, ஒரு குறையும் இல்லாமல்.
மண்டபம் முழுக்கக் கேட்கிறது என்று நம்பிக்
கண்ணை மூடிக்கொண்டார்.
இதற்குத்தான் எனக்குக் காசு:
ஓர் ஆளை அவருக்கே தெரியாமல் அணைக்க.

ஆனால் அன்று எதிரொலி.

எதிரொலிக்குப் போகும் நாலாவது குமிழ் போஸ்ட்டில் இருக்க வேண்டும்.
குரல் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கிவிடும்,
ஆள் எழுந்து போனால் நிழலும் போவதுபோல.
காலையில் தாப்பா கோயிலில் எதற்கோ அமுக்கிய பொத்தானை
நிமிர்த்த மறந்திருந்தேன்.
நாலும் ப்ரீ.

ஆள் இல்லை. எதிரொலி மட்டும்
இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் எழுந்தது.
சொல் கரைந்து, ஓரம் இல்லாமல்,
செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று
இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று
ராகத்தில் விசாரிக்கிற மாதிரி.

பன்னிரண்டாம் மேசையில் கோழி பிய்த்த கை நின்றது.
ஒரு குழந்தை கூரையைப் பார்த்தது.
மணமகள், பெயர் தேன்விழி, பேனரில் படித்தேன்,
தலை நிமிர்ந்தாள்,
தலையில் அவ்வளவு பூ இருந்தும்.

என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.
ஒரு சொடுக்கு, மண்டபம் சுத்தமாகிவிடும்.
முத்திருளன் மறுபடி உள்ளங்கையைக் காட்டினார்,
இந்த முறை அது பாதியில் நின்றது.
நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் சரணத்தில் பெரியப்பாவுக்குச் சொல் மறந்தது.
ம்ம் ம்ம் என்று கடந்தார்.
எதிரொலியில் அது தெரியவே இல்லை.

கைதட்டினார்கள். அதிகம் இல்லை.
என் பக்கம் கட்டைவிரல் உயர்த்தினார்,
"சவுண்டு நல்லா இருந்துச்சு தம்பி."
இறங்கித் தன் தம்பியின் மேசைக்குப் போனாரா
பேருந்துக்குப் போனாரா, பார்க்கவில்லை.
கேக் வெட்ட மைக் கேட்டார்கள்.

பேசிய தொகையில் ஐம்பது ரிங்கிட் குறைந்தது.
ஏன் என்று முத்திருளன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
லோரியில் ஏற்றுமுன் நாலாவது பொத்தானை நிமிர்த்தி
மேலே டேப் ஒட்டி எழுதினேன்: போஸ்ட்.
அப்புறம்தான் ஏழாம் ஃபேடரைப் பார்த்தேன்.
இன்னும் அடியிலேயே கிடந்தது.