பதினொரு மில்லிமீட்டர்

குஞ்சப்பனைக்கு மேலே, ஐப்பசி மழையில்,
லாரி உயரப் பாறையொன்று
சாலை நடுவில் உட்கார்ந்திருந்த இரவு.
நாலு பரோட்டா, சால்னாமேல் மிதந்த எண்ணெய்,
ஒரு பிளேட் பீஃப் வறுவல்,
தார்ப்பாய்க்கு அடியில் நின்றபடியே தின்றது.
முக்கால் மணி நேரம் கழித்து
வலது விலாவுக்குக் கீழே
யாரோ முழங்கையை ஊன்றி
எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

கேஸ், என்றான் போஜன்.
மலையில் எல்லா வலிக்கும் அதுதான் பெயர்.
ஈனோ பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் கரைத்துத் தந்தான்.
ஏப்பம் வந்தது. வலி போகவில்லை.
வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு குத்தல்;
அது ஜேசிபி லிவர் பிடித்த வலி என்று
நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.
இரண்டு மணி வாக்கில்
ஷட்டர் இறக்கியதுபோல் எல்லாம் அடங்கியது.
விடியும்போது பசித்தது.
பாறையையும் தள்ளியாகிவிட்டது.

தவமணிதான் கணக்கு வைத்திருந்தாள்,
சிலிண்டர் மாற்றிய தேதி குறிக்கும் காலண்டரிலேயே,
சிவப்புப் பேனாப் புள்ளிகளாக.
"அரவேணு கல்யாணத்து நெய்ச்சோறு, ஒண்ணு.
உங்கண்ணன் வீட்டுக் கோழி வறுவல், ரெண்டு.
அன்னிக்கு அந்தப் பாறை ராத்திரி, மூணு.
ரசஞ்சோறு தின்ன நாள்ல புள்ளியே இல்ல.
இதுக்குப் பேரு கேஸா?"

கோத்தகிரியில் ஸ்கேன். வெறும் வயிறு.
ஷைனி என்ற பெண் தடவிய பசை
உறைபனிப் புல்லில் படுத்ததுபோல் இருந்தது.
"மூச்ச இழுத்துப் பிடிங்க. இடப்பக்கம் திரும்புங்க.
ம், உருளுது. கல்லு."
சிரித்துவிட்டேன்.
எவ்வளவு பெருசு என்றேன், தொழில் பழக்கத்தில்.
பதினொரு மில்லிமீட்டர்.
நான் பள்ளத்தில் தள்ளிய கற்களை
டன்னில்தான் பேசுவோம்.
இது ஒரு சட்டைப் பொத்தான்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
பித்தம் தலைக்கேறிடுச்சு என்று
வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அந்தப் பித்தத்துக்கு
உண்மையிலேயே ஒரு சின்னப் பை இருக்கிறதாம்.
கொழுப்பு உள்ளே வந்தால் பை சுருங்குமாம்.
கல் வாசலில் போய் நிற்குமாம்.
பை தள்ளும், கல் நகராது.
அந்த முழங்கை அதுதான்.
அவர் வரைந்த குழாய் எனக்குக்
கொண்டை ஊசி வளைவாகத் தெரிந்தது,
மறுபக்கம் ஹாரன் அடித்து நிற்கும் வண்டிகளோடு.

கரைக்க மாத்திரை?
எல்லாக் கல்லுக்கும் கேட்காது.
விளக்கெண்ணெயும் எலுமிச்சையும்? பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.
தயவுசெய்து வேண்டாம், என்றார்.
எண்ணெயைக் குறைங்க. வேளைக்குச் சாப்பிடுங்க.
பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இளைக்கவும் கூடாது,
அதிலும் கல் வரும்.
வலித்த பை மறுபடி வலிக்கும்;
எடுத்துவிடுவதுதான் முழுத் தீர்வு.
மழை முடியட்டுமா என்றேன்.
முடியட்டும், ஆனால்...
பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.
குளிர்க்காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால்,
வலி சில மணி நேரத்தில் விடாவிட்டால்
விடியட்டும் என்று படுத்திருக்காதீங்க.

தை எட்டாம் தேதியைத் தவமணி வட்டமிட்டிருக்கிறாள்.

இன்றும் நைட் டூட்டி. டப்பாவில் இட்லி,
எண்ணெய் படாத தக்காளிச் சட்னி.
போஜன் தன் பரோட்டாவைத் திரும்பி நின்று தின்கிறான்,
பாவம், மணத்துக்குத் திரும்பத் தெரியவில்லை.
வளைவுக்கு மேலே, வெள்ளைப் பெயின்டில்
பதினேழு என்று நாங்கள் எண் போட்ட பாறை.
உடைக்க உத்தரவு வரும்வரை
மழை இரவெல்லாம் அதைப் பார்ப்பது என் வேலை.
டார்ச் அடிக்கிறேன். நகரவில்லை.
பிறகு, போஜன் கை கழுவப் போன நேரத்தில்,
வண்டிக் கண்ணாடியில் என் கீழிமையை இழுத்து
வெள்ளையைப் பார்க்கிறேன்.