முதல் புதன்

நள்ளிரவு தாண்டினால் லிட்டருக்கு ஒரு ராண்ட் நாலு சென்ட் கூடுதல்.
ஹிகின்சன் நெடுஞ்சாலை வளைவு வரை வால் நீட்டிய வரிசையில்
எஞ்சினை அணைத்துவிட்டு
கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி
தள்ளித் தள்ளி நகர்கிறோம் சாட்ஸ்வர்த்காரர்கள்.
பெட்ரோல் வாங்க வந்த இடத்தில் பெட்ரோலை எரிப்பானேன்?

முன்னால் தவநேசன். அவன் கொரோலா
அவன் மூத்த மகளைவிட மூத்தது.
கூரை விளக்கில் பேப்பரை விரித்து உரக்க வாசிக்கிறான்:
இனிமேல் எண்ணெய்க்கு வரி வேண்டாமாம்,
ஓடிய கிலோமீட்டருக்கு வாங்கலாமாம்.
மின்சாரக் காரில் போகிறவர்கள்
சாலையைச் சும்மா தேய்த்துவிட்டுப் போகிறார்களாம்.

'அதுதான் நியாயம்' என்றாள் பின்னாலிருந்து சலோஷ்னி.
இந்த நாட்டில் அவளுடையது மாதிரி வண்டிக்குப் பெயரே பக்கி;
குடிக்கிற குடிக்குப் பொருத்தம்.
'புதுசு வாங்கக் காசிருந்தால் அது சொட்டுச் சொட்டாகக் குடிக்கும்.
காசில்லாதவள் வண்டிக்குத்தான் தாகம்.
அந்தத் தாகத்துக்கும் வரி.'

நான் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
வீட்டிலிருந்து உம்லாங்கா ஓட்டல்கள் வரை
வெளுத்த விரிப்பு மூட்டைகளோடு முப்பத்து நாலு.
அழுக்கு மூட்டைகளோடு திரும்ப முப்பத்து நாலு.
இந்தத் தூரத்தை நான் எந்தக் கடையிலும் கேட்டு வாங்கவில்லை.
யாரோ வரைபடத்தில் பென்சிலால் கோடு கிழித்து
இன்னின்ன தோல் இன்னின்ன குன்றுக்குப் பின்னால் என்று
லாரியில் ஏற்றி இறக்கிவிட்ட தூரம்.
கோட்டை அழித்தாயிற்று. கிலோமீட்டர் அழியவில்லை.
அதையா எண்ணி ரசீது போடப் போகிறார்கள்,
என் பெயரில்?

பம்படியில் போங்கானி சிரிக்கிறான்.
உம்லாசியிலிருந்து டாக்சியில் வேலைக்கு வருகிறவன்.
'எதைக் கூட்டினாலும் டாக்சிக்காரன் ரெண்டு ராண்ட் ஏற்றுவான்.
குறைத்தால் அவனுக்குக் காது கேட்காது.
அப்புறம், எல்லாக் காரும் வீட்டிலேயே கரண்ட் குடித்தால்
நான் யார் கண்ணாடியைத் துடைப்பது?'

பதினொன்று ஐம்பத்தேழு.
எனக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டி.
தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ளுகிறேன்.
உள்ளே, ஸ்டியரிங்குக்குப் பின்னால், பழைய உருளை எண்களில்
கடைசி ஒன்பது மெல்லப் புரண்டு
பூஜ்யமாகிறது.

ஒரு சொட்டு எரியவில்லை.
இதையும் எண்ணிவிட்டது.