திரையோரச் சிவப்பு

வேலந்தாவளம் எடைமேடை, இரவுப் பணி.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
எட்டு பிட் பெட்டியில் வௌவால் ஆட்டம் எழுதுகிறேன்.

சட்டகம் தொடங்கினால் திரையோரம் சிவப்பு,
கணக்கு முடிந்ததும் கறுப்பு.
இரண்டே கட்டளை.
பட்டை எவ்வளவு தூரம் இறங்குகிறதோ
அவ்வளவும் செலவு.
அடியில் கிடக்கும் கறுப்புதான் கையிருப்பு.

ஏழு வௌவாலுக்கு இடுப்புவரை வந்தது.
எட்டாவதற்கு முழங்கால்;
அடிவிளிம்பு நிற்காமல் நடுங்கியது,
நொடிக்கு ஐம்பது முறை.

செங்கல் லாரி ஏறி நின்றது.
சசீந்திரன் ஜன்னலில் தலைநீட்டி,
"எத்ரயுண்டு?"
"நாற்பது வரி மிச்சம்" என்றேன், திரையைப் பார்த்தபடி.
"வரியோ?"
சட்டைப் பையைத் தடவினான்.

சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டு
ஒன்பதாவதைப் பறக்கவிட்டேன்.
ஓரத்தில் கறுப்பே இல்லை.
பாட்டு ஒரு தட்டு தப்பி நொண்ட,
வௌவால்கள் எல்லாம்
சுமை ஏற்றியதுபோல் ஊர்ந்தன.