கறுப்பு என்று நினைத்தவை

மெட்டெகன் கரையில் மூன்றாம் நாளாக மின்சாரம் இல்லை.
கம்பிகளில் கட்டைவிரல் பருமனுக்குப் பனிக்கட்டி.
என் வீட்டு ஹீட்டர் செத்துக் கிடக்க
ஒடில் கொமோவின் விறகடுப்பைத் தேடிப் போனேன்,
வெறுங்கையோடு போகக்கூடாதென்று
தலையணை உறை நிறையத் துண்டுத்துணிகளோடு.

ஒரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
காரணம் அவள் நாய். இல்லையென்றால் என் வேலி.
கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை,
உறையைப் பார்த்தாள்.
"அடர்நிறம் ஏதாவது இருக்கிறதா?"

மேசையில் கொட்டினோம்.
மருத்துவமனை இரவுப்பணிக்கு நான் உடுத்திய பச்சை.
அல்பெர்ட்டாவுக்குப் போன ரெஜான்
விட்டுச்சென்ற சட்டையின் பை மட்டும்;
சட்டை எப்போதோ தரை துடைத்துத் தீர்ந்தது.
தொட்டாலே நூல் நூலாகப் பிரியும் சாட்டின்.
தள்ளுபடியிலும் யாரும் தொடாத கத்திரிப்பூ நிறம்,
இரண்டு கஜம், வாங்கியவள் நான்.

இரண்டு விரல் அகலமில்லாததை எறிந்துவிடு
என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள்.
ஒடில் ஒரு விரலையும் எறிவதில்லை.
"பாதி தையலுக்குள் போய்விடும்.
மீதிப் பாதியில் ஒரு கோடு இழுக்கலாம்."

நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அது அடுப்பு.
அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக
மரவீட்டுக்குச் சுவர் எழுப்புவதுபோல்
இரண்டு பக்கம் வெளிச்சம்
இரண்டு பக்கம் இருட்டு.
"நிறத்தின் பெயரை மறந்துவிடு" என்றாள்.
"கண்ணாடியைக் கழற்று. கண்ணை இடுக்கு.
வெளுப்பா, கறுப்பா?
அதற்குமேல் ஒன்றும் கேட்காதே."

மண்ணெண்ணெய் விளக்கில்
அதற்குமேல் கேட்கவும் முடியவில்லை.
அவள் கால்மிதி இயந்திரத்தை ஓட்டினாள்,
அடுப்பில் காய்ந்த இரும்பால்
நான் தையல்களை அமுக்கினேன்.
நாயைப் பற்றி நான் பேசவில்லை,
வேலியைப் பற்றி அவள் பேசவில்லை,
மஞ்சளைப் பற்றித்தான் சண்டை.
மஞ்சள் ஊறுகாய் மாதிரி என்றாள்,
தொட்டுக்கொள்ளத்தான்.
அதுகூட வேண்டாம் என்றேன்.
கடைசியில் மஞ்சளே இல்லாமல்
விடியும்வரை தைத்தோம்,
பதினொரு சதுரம்.

காலையில் வெயில் வந்து பனிக்கட்டியில் பட்டுச்
சமையலறையெல்லாம் கூசியது.
சதுரங்களைத் தரையில் பரப்பினோம்.

கறுப்பு என்று நாங்கள் நினைத்தவற்றில்
கறுப்பு ஒன்றே ஒன்று, பியானோ உறையின் ஓரம்.
மற்றதெல்லாம் கத்திரிப்பூ, பாட்டில் பச்சை,
காப்பிப்பொடி, ஆறிப்போன ஒயின்.
வெள்ளை என்று நினைத்த இடமெல்லாம்
மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.
ஊறுகாயே சோறாகிவிட்டது.

தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள்.
வைத்தாள்.
நாய் வந்து நான்காவது சதுரத்தின்மேல் படுத்தது.
மறுபடி எடுத்தாள்.
"எதைப் பிரிக்கலாம், சொல்."
என் இரவுப்பணிப் பச்சையைக் காட்டினேன்,
அதன் கீழ் யாரும் தூங்க வேண்டாம் என்று.
அவள் குனிந்து பார்த்தாள்,
நகத்தால் தையலை நெருடினாள்.
"இருப்பதிலேயே நேராக விழுந்தது இதுதான்" என்று
பக்கத்திலிருந்த சாட்டினைப் பிரித்தாள்.
எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது.
குளிர்பெட்டி உறுமியது,
தலைக்குமேல் பல்பு எரிந்தது,
ஒரே நொடியில் அறை முழுவதும்
இன்னின்னது இன்ன நிறம் என்றானது.
கிளம்பலாம் என்று உறையைத் தூக்கினேன்.
கொஞ்சமும் இளைத்திருக்கவில்லை அது.

"இன்னும் ஒன்பது வேண்டும்" என்றாள் ஒடில்
கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.
எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்
தீப்பெட்டியைத் தேடினாள்.