முப்பதில் இருபத்துமூன்று

முதல் நாள் கொடுக்கும் தாளில்
நான் மிகவும் கண்டிப்பானவள்.
எட்டுப் பத்துக்குக் கதவு சாத்தப்படும்.
எண்பது வீத வரவு இல்லையேல்
பரீட்சைக்கு அனுமதி மறுக்கப்படும்.
பிந்திய ஒப்படைக்கு
நாளொன்றுக்குப் பத்துப் புள்ளி கழிக்கப்படும்.
மருத்துவச் சான்றிதழ் ஏழு நாளுக்குள்,
அரசாங்க வைத்தியரிடமிருந்து மட்டும்.

செயப்பாட்டு வினையில் எழுதினால்
யாரும் யாரையும் தண்டிப்பதில்லை.
கதவு தன்பாட்டில் சாத்திக்கொள்ளும்,
புள்ளி தன்பாட்டில் உதிரும்.
திருநெல்வேலிச் சந்தியில் நூறு பிரதி எடுத்துக்கொண்டு
வளாகத்துக்குள் நுழையும்வரை
தாள் கையில் சுட்டுக்கொண்டிருக்கும்.

'ஒருவருக்காக மற்றவர் ஒப்பமிடலாகாது' என்ற வரி
நிதுர்ஷாவால் வந்தது.
மூன்று பேருக்குத் தானே ஒப்பம் வைத்தாள்,
மூன்று பெயரிலும் 'ர'வின் காலை
ஒரே மாதிரி இழுத்து.
அந்த மூவரும் அன்று ஆஸ்பத்திரியில்
ஒருத்தியின் கட்டிலருகே நின்றார்களாம்.
வரியை எழுதிய பிறகுதான் அறிந்தேன்.
'தொலைபேசி அணைக்கப்பட வேண்டும்' என்பதையும்
இன்னும் வைத்திருக்கிறேன்.
வாசிக்கையில் மட்டும் அந்த இடத்தை
விரைவாகக் கடந்துவிடுவேன்.
அது வேறு கதை.

கார்த்திகை மழையில்
எங்கள் மண்டபக் கூரை ஒழுகி
மேசை நனைந்தது.
'மேல்மாடி, ஏழாம் அறை' என்று
ஏழேகாலுக்கு வகுப்புக் குழுவில் செய்தி போட்டேன்.
அன்றைய பாடம்: விடுபட்ட தரவுகள்.
வெற்றுக் கட்டத்தில் பூச்சியம் எழுதாதீர்கள் என்றேன்.
பூச்சியம் ஓர் அளவீடு;
வெற்றிடம்,
எங்களுக்குத் தெரியாது என்கிற ஒப்புதல்.
சொல்லி முடித்துவிட்டு
வரவுப் பதிவேட்டில் வெறுமையாய்க் கிடந்த
கட்டங்களில் எல்லாம்
சிவப்பு மையால் பூச்சியம் போட்டேன்.

தவணை முடிவில் கூட்டிப் பார்த்தால்
தனுர்ஜன், மருதங்கேணி,
முப்பதில் இருபத்துமூன்று.
இருபத்துநான்கு வேண்டும்.

அறை வாசலில் வந்து நின்றான்.
ஏனோ செருப்பைக் கழற்றியிருந்தான்.
"அண்டைக்கு நான் வந்தனான் மிஸ்.
நீங்கள்தான் இல்லை."

விடிய ஐந்தரை பஸ். போனில் டேட்டா இல்லை.
ஏழு ஐம்பதுக்கு மண்டபம்.
மூன்றாம் வாங்கில்
ஒழுக்குக்கு விலகி இருந்திருக்கிறான்.
எட்டுப் பத்துக்கு
யாரும் கதவைச் சாத்தவில்லை.

வாளி வைக்கப் போன மரியதாஸ் அண்ணையைக் கேட்டேன்.
"ஓம் மிஸ், ஒரு பொடியன் கொப்பியை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தவன்.
லைற்றைப் போடட்டோ எண்டனான்.
வேண்டாம், மிஸ் வந்து போடுவா எண்டவன்."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன்.
திகதி. பாட இலக்கம்.
'தலைப்பு' என்று எழுதி, இரு புள்ளி வைத்து,
அளவுகோலால் அடிக்கோடும் இட்டு,
மிச்சப் பக்கம் முழுவதும்
எங்களுக்குத் தெரியாது.

பதிவேட்டில் மாணவர்களுக்குத்தான் கட்டங்கள் உண்டு.
என் பெயர் மேலே, தலைப்பில்;
அதற்கு நேரே
வரவு வைக்க இடமில்லை.

பூச்சியத்தை ஒரு கோட்டால் வெட்டினேன்.
பக்கத்தில் ஒன்று என எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.
குறிப்புக் கூட்டில்:
'மாணவர் வந்தார். நான் வேறு அறையில் இருந்தேன்.'
பீடத்தில் கேட்டால்
இதையேதான் சொல்ல வேண்டும்.

அவனுடைய ஒப்படை ஒரு நாள் பிந்தியிருந்தது.
பத்துப் புள்ளி கழித்தேன்.
அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருசத் தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது:
'அறை மாறினால், பழைய கதவில்
சோக்கால் எழுதிவிட்டுத்தான் போவேன்.'
பிரதி எடுக்கும் பெடியன் திரையில் அதைக் கண்டு நின்றான்.
"மிஸ், இந்த வரி மட்டும் வேற மாதிரிக் கிடக்கு.
பிழை வந்திட்டுதோ?"
இல்லைத் தம்பி,
அடியும்.